பத்தாம் நம்பர்

மைனஸ் முப்பத்தொன்று.
வெறுங்கையால் ஸ்பானரைத் தொட்டால்
விடும்போது கொஞ்சம் தோலை வைத்துக்கொள்ளும்.
அதனால் ஷெட்டைத் திறந்ததும் முதல் வேலை
கருவிகளை அடுப்போரம் படுக்கவைப்பது:
ராட்செட், குறடு, நீள ஸ்க்ரூடிரைவர்,
பல் தேய்ந்த பைப் ரெஞ்ச்.
இம்பாக்ட் துப்பாக்கியின் பேட்டரி மட்டும்
இரவெல்லாம் என் கம்பளிக் கோட்டுக்குள்.
குளிர் பட்டால் அரை நாள்கூடத் தாங்காது.
நிலக்கரிப் புகைக்குள் உலான்பத்தோர்
இன்னும் எழுந்திருக்கவில்லை.
கம்ப்ரஸர் இருமி இருமிக் காற்று சேர்க்கிறது.
நானும் ஜமியானும் பேசிப்
பதினேழு நாளாகிறது.

எல்லாம் ஒரு பத்தாம் நம்பர் சாக்கெட்டால்.
கட்டைவிரல் நகத்தளவு இரும்பு.
பன்னிரண்டு தொலைவதில்லை.
பத்தொன்பதை யாரும் சீண்டுவதே இல்லை.
பேட்டரி முனைக்கும் பத்து,
ஃபில்டர் பெட்டிக்கும் பத்து,
வைத்த இடத்தில் இல்லாததும் பத்து.
என்னுடையதில் சிவப்பு நகப்பூச்சு ஒரு வளையம்.
என் விரலில் இரண்டு நாள் நிற்காத பூச்சு
இரும்பில் இரண்டு வருஷம் நின்றது.

‘உன் பெட்டியைத் திற’ என்றேன்.
திறந்தான்.
தட்டுத் தட்டாக எடுத்துத் தரையில் வைத்தான்.
அடித்தட்டில், காகிதத்தில் மடித்து,
அவன் மகளின் பால்பல்.
கொழுப்பில் பொதிந்து நாய்க்குப் போட வேண்டியது.
போட மனசு வராமல்
வால்வு ஷிம்களுக்கு நடுவே வைத்திருக்கிறான்.
அதை நான் பார்த்திருக்கக் கூடாது.
‘கோட்டுப் பையையும் பார்க்கணுமா?’ என்றான்.
பார்த்தேன்.
இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பிரேக்கில் காற்றெடுக்க
இரண்டு பேர் வேண்டும்.
வண்டிக்கடியில் ஒருவர், பெடலில் ஒருவர்.
பேசாதவர்கள் என்ன செய்வார்கள்?
சுத்தியலால் சேசிஸில் ஒரு தட்டு: அமுக்கு.
இரண்டு தட்டு: பிடி.
மூன்று: விடு.
பதினேழு நாளில் ஒன்பது வண்டிகள்
இப்படித்தான் நின்றன, ஓடின.
சம்பளம் தருபவர் கவனிக்கவே இல்லை.

இன்று காலை தார்ஹானிலிருந்து நீல நிற ப்ரியஸ்.
நர்மந்தாஹ் அம்மாள், தோல் வியாபாரம்.
‘சரளைச் சாலையில் மட்டும்
உள்ளே எதுவோ பல்லைக் கடிக்கிறது’ என்றார்.
பாடியின் அடித்தட்டைக் கழற்றினேன்.
கிளிப் ஒன்று உடைந்தது, திட்டினேன்.
உறைந்த சேறு ஒரு பாளம் விழுந்தது.
அதோடு
சிவப்பு வளையம்.

போன மாதம் இந்த வண்டிக்கு
இன்வெர்டர் பம்பு மாற்றியது நான்.
வேலைச்சீட்டில் கையெழுத்து என்னுடையது.
துப்பாக்கியைக் காற்றில் சும்மா ஒரு தரம் அழுத்தினேன்.
அந்த இரைச்சல் அடங்கும்வரையாவது
ஒன்றும் சொல்ல வேண்டாமே.

பிறகு எழுந்து போய்
அவன் தட்டில் வைத்தேன்.
திரும்பிப் பார்க்காமல் கேட்டான்:
‘எந்த வண்டி?’
‘நீலம்.’
‘யார் செய்த வேலை?’
‘நான்.’
துணியில் கை துடைத்துக்கொண்டான்.
ரொம்ப நேரம் துடைத்தான்.
அடுத்து நின்ற பழைய ரஷ்ய வேனில் ஏறி
டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

நான் அடியில் புகுந்தேன்.
சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
‘அமுக்கு’ என்றேன்.
பதில் இல்லை. பெடல் இறங்கியது.
குழாயில் குமிழ் குமிழாகக் காற்று.
‘பிடி.’
மேலே குதிகாலால் இரண்டு தட்டு.
‘விடு.’
மூன்று தட்டு.
முதல் சக்கரம் முழுக்க இப்படி,
இரண்டாவதும்.
மூன்றாவதில் நிப்பிள் துருப்பிடித்திருந்தது.
எண்ணெய் விட்டுக் காத்திருக்கும்போது
பயத்தில் என் குரல் கொஞ்சம் கூடிவிட்டது போல:
‘அமுக்கு!’

‘மெதுவாச் சொல்லு,
காது கேட்குது.’